அட்டைக்குப் பயந்து பாட்டுக்காரி ஆனேன்

கண்டி, பேராதனை வரைக்கும் போய்ப் பங்களாப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தவள் நான். கலை மேல் உள்ள ஆசையால் இந்தப் பாட்டுத் தொழிலுக்கு வந்தேன் என்று சொன்னால் அது பச்சைப் பொய். அட்டைக்குப் பயந்துதான் வந்தேன்.

கடுகண்ணாவைப் பக்கம் ஒரு காப்பித் தோட்டம். பழம் பறிக்க மலை ஏறிய முதல் நாளே காலெல்லாம் இரத்தம் உறிஞ்சும் அட்டை. நான் போட்ட கூச்சலில் துரையின் குதிரையே மிரண்டுவிட்டது. கங்காணி என்னைக் கீழே, காப்பி காயப்போடும் களத்துக்குத் துரத்தினார். மலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை அங்கேதான் விட்டுப் போவார்கள்.

"புள்ளைங்க அழுற சத்தத்துல தொரைக்குத் தலவலி. ஒரு சத்தம் கேட்டுச்சு, மறுபடியும் மலதான் ஒனக்கு," என்றார்.

விடுவேனா? மறுநாள் காலை சாக்கைத் தலைப்பாகையாகச் சுற்றிக் கங்காணி ஆனேன். பிறகு குனிந்து, கனைத்து, குதிரை ஆனேன். குதிரை கங்காணியைத் துரத்துவதாக நானே கட்டிய பாட்டு, காப்பி அளக்கும் மரப்பெட்டியில் தாளம். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். ஒரு சிணுங்கல் கூட இல்லை.

கொஞ்ச நேரத்தில் அத்தனை தாய்மாரும் கூடையைப் போட்டுவிட்டுத் தலைதெறிக்க இறங்கி வந்தார்கள். பழம் பறிக்கும்போது காதைக் களத்துப் பக்கமே வைத்திருப்பார்களாம். தன் பிள்ளையின் அழுகை கேட்டால் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று அர்த்தமாம். அன்று ஒன்றுமே கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்றோ என்று ஓடி வந்திருக்கிறார்கள்.

பின்னாலேயே துரையும் கங்காணியும் வந்தார்கள். நான் அப்போது குதிரையாக இருந்தேன்.

"நாளைக்கு மலைக்கு வா," என்றார் கங்காணி பல்லைக் கடித்துக்கொண்டு. எனக்கு உயிரே போயிற்று.

"ஐயா, அவ பாடட்டுங்க," என்றாள் ஒரு தாய். "காலையில ஒரு தடவ புள்ளைங்க அழுதாப் போதும். கேட்டுட்டு நாங்க பாட்டுக்கு வேலயப் பாப்போம்."

கங்காணி கையையும் காலையும் ஆட்டித் துரைக்கு விளக்கினார். இவளால் முடிந்தால் இருக்கட்டும் என்று துரை தலையாட்டினார். பெண்கள் மலை ஏறினார்கள்.

இப்போது நான் பிள்ளைகளை அழவைக்க வேண்டும்! முறைத்தேன், சிரித்தார்கள். பூச்சாண்டி காட்டினேன், கை தட்டினார்கள். பாவிகள்! போதும் என்று சாக்கை அவிழ்த்துப் போட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு சின்னவள் கேட்டாள். "பாட்டு முடிஞ்சிருச்சா?"

அவள் உதடு பிதுங்கியது. அடுத்த நொடி களமே ஓவென்று அழுதது. மேலே ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையின் குரலைப் பிரித்தெடுத்து, "எம்புள்ள!" "இது எம்புள்ள!" என்று கூவினாள். அட்டையிடமிருந்து தப்பிய சந்தோஷத்தில் நானும் அழுதேன். என் குரலைப் பிரித்தெடுக்க அந்த மலையில் எனக்கு ஆத்தாள் இல்லையே என்று நினைத்ததும் அழுகை இன்னும் பெருத்தது.

அப்போது உச்சியிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"அடியே பாட்டுக்காரி, நீ ஏன்டி அழுற? நாங்க இருக்கோம்ல!"