கூடிப்போன இரண்டு ஆம்பியர்

மலேசியாவின் கமுந்திங்கில் கம்ப்யூட்டருக்கான பவர் சப்ளை பெட்டிகள் செய்யும் தொழிற்சாலையில், சோதனை மேசைத் தீபனுக்கு ஒரே கர்வம்: தன் ரீடிங் தப்பாது. மஞ்சள் கம்பிகளைக் கிளாம்ப் மீட்டரின் வாய்க்குள் கோத்து, எத்தனை ஆம்பியர் வெளியே வருகிறது என்று பார்க்கிற வேலை. அளப்பதற்கு முன் மீட்டரைச் சீரோவுக்குக் கொண்டுவர வேண்டும். அதை அவன் ஒருநாளும் விட்டதில்லை. பாவி மகன், அதை மட்டும்தான் பார்த்தான்.

காலை ஷிப்டில் அதே மேசை விமலாவுக்கு. சுங்கை சிப்புட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருபவள்; புருஷன் இல்லை. ஒப்பந்த வேலை, அந்த மாதம்தான் புதுப்பிக்க வேண்டும். அவள் அளந்து அனுப்பியதைத் தீபன் மாலையில் மறுபடி அளந்தால் இரண்டு ஆம்பியர் கூடுதலாகக் காட்டியது. யார் கணக்கு சரி என்று சூப்பர்வைசர் கேட்டார்.

"அக்கா சீரோ பண்ண மறந்துடுறாங்க போல லா," என்றான்.

கண்ணால் பார்த்தானா? இல்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்? விமலாவின் ஒப்பந்தம் நீளவில்லை.

அடுத்த வாரம் அவனுக்கு இடது மணிக்கட்டு அரித்தது. வலிக்கு நல்லது என்று தங்கை ஷர்மினி மாட்டிவிட்ட காந்த வளையல். கழற்றி வைத்துவிட்டு அளந்தான். ரீடிங் இறங்கியது. மாட்டினான், ஏறியது. மறுபடி கழற்றினான், இறங்கியது. மேசையில் கிடக்கும்போது மீட்டரின் சீரோ சரிதான். கம்பியைக் கோக்கக் கை கிட்டே போனபோது காந்தமும் கூடவே போயிருக்கிறது, மீட்டர் அதையும் கரண்டாக எண்ணியிருக்கிறது.

சூப்பர்வைசரிடம் ஓடி எல்லாவற்றையும் சொன்னான். அவர் வளையலைப் பார்த்துச் சிரித்தார். விமலாவைப் பற்றிக் கேட்டதற்கு, ஆள் போட்டாச்சு என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுங்கை சிப்புட் போனான். ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம் விமலா எச்சில் மங்குகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நின்றபடியே ஒன்று விடாமல் சொல்லி முடித்தான்.

"அப்ப நான் சரியாத்தான் அளந்திருக்கேன்?"

"ஆமாக்கா."

"அவங்ககிட்ட சொல்லிட்டியா?"

"சொன்னேன்கா. வேற ஆள் போட்டாச்சாம்."

அவள் குழாயை மூடினாள்.

"நாமதான் தப்பா அளந்துட்டோம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் தம்பி. அதுல மனசு கொஞ்சம் ஆறியிருந்துச்சு. இப்ப எதுக்கு வந்து சொன்ன?"