கேட்டபின் காத்திருத்தல்

ஜெயலெட்சுமி இலங்கை மலையகத்தில் கொஸ்லந்தையை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர். அப்புத்தளையில் என்னுடன் பதினேழு ஆண்டுகள் ஆசிரியையாகக் கடமையாற்றினார். அவருடைய துறை விசேட கல்வி. எழுத்துகள் இடம் மாறித் தெரியும் பிள்ளைகள், இரைச்சலைத் தாங்க முடியாத பிள்ளைகள், ஓரிடத்தில் அமர இயலாத பிள்ளைகள் ஆகியோருக்கு அவர் கற்பித்தார். 2009ஆம் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகம், இத்தகைய மாணவர்களுக்குக் கற்பிக்கும் முறையைத் தன் விரிவுரையாளர்களுக்குப் பயிற்றுவிக்குமாறு அவரைக் கேட்டுக்கொண்டது.

அதற்குக் காரணம் தனுஜா என்னும் மாணவி. தேயிலைத் தொழில்நுட்பம் பயின்ற அவள் எழுத்துத் தேர்வுகளில் முன்னணியில் இருந்தாள். வாய்மொழித் தேர்விலோ இருமுறையும் ஒரு சொல்லேனும் பேசவில்லை. மூன்றாம் முறையும் தவறினால் பட்டம் கிடையாது. அவளுக்கு ஆட்டிசம் இருப்பதாக மருத்துவர் எழுதிய கடிதம் கோப்பில் இருந்தது. ஆயினும், தோட்டத்துப் பிள்ளைக்குரிய கூச்சம் என்றே விரிவுரையாளர்கள் முடிவு செய்திருந்தனர்.

ஜெயலெட்சுமியும் முதலில் அதே பிழையைச் செய்தார். காலையில் தொழிலாளர் கூடும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது, தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் முன்னால் தன் தாய் தலைகுனிந்து நின்றதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். தனுஜாவின் மௌனமும் அத்தகையதே என்று எண்ணினார்.

பயிற்சிக்கு முன் அவளைச் சந்தித்து, “பயப்படாதம்மா, அவங்களும் மனுசங்கதான்” என்றார்.

தனுஜா சன்னலைப் பார்த்தபடி இருந்தாள். ஜெயலெட்சுமி எழ முற்பட்டபோதுதான் பதில் வந்தது.

“பயமில்லைங்க டீச்சர். ஒரு கேள்விக்குப் பதில அடுக்கிக்கிட்டு இருக்கும்போதே அடுத்ததக் கேட்டுடுறாங்க. மறுபடி மொதல்ல இருந்து அடுக்க வேண்டியிருக்கு.”

ஜெயலெட்சுமி தாம் தயாரித்திருந்த குறிப்புகளை ஒதுக்கி வைத்தார். பயிற்சியில் விரிவுரையாளர்களை இருவர் இருவராக அமர்த்தினார். ஒருவர் ஒரேயொரு கேள்வியைக் கேட்க வேண்டும். பின்னர் இருபது விநாடி பேசாதிருக்க வேண்டும். கேள்வியைத் திருப்பிக் கூறவோ எளிதாக்கவோ கூடாது.

பதினொருவரில் ஒன்பது பேர் தோற்றனர். துறைத் தலைவர் குமாரசிங்கம் நான்காம் விநாடியிலேயே வாய் திறந்தார். தனுஜாவின் வாய்மொழித் தேர்வை நடத்தியவரும் அவரே.

“இருபது செக்கன் வாயைப் பொத்திக்கொண்டு நிண்டால் பொடியள் எனக்கு விசர் பிடிச்சிட்டுது எண்டெல்லோ நினைப்பாங்கள்?”

“இப்பவும் அப்பிடித்தான் நெனச்சிட்டு இருக்காங்க சேர்” என்றார் இளம் விரிவுரையாளர் புவாத். அறை முழுவதும் சிரித்தது.

குமாரசிங்கம் சிரிக்கவில்லை. “அந்தப் பிள்ளைக்கு உதவி செய்யத்தானே டீச்சர், கேள்வியை மாத்தி மாத்தி அஞ்சு தரம் கேட்டனான்?”

“அந்தப் பிள்ளைக்கு அது அஞ்சு கேள்விங்க சேர்.”



இரண்டு வாரம் கழித்து மூன்றாம் தேர்வு நடைபெற்றது. ஜெயலெட்சுமியும் ஒரு மூலையில் அமர அனுமதிக்கப்பட்டார். குமாரசிங்கம் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமீது வைத்துவிட்டு, மழைக்காலத்தில் தேயிலைக் கொழுந்தை வாட்டுவதற்கு ஏன் கூடுதல் நேரம் தேவை என்று கேட்டார். தனுஜா சன்னலை நோக்கினாள். பத்தாம் விநாடியில் அவர் உள்ளங்கையால் தம் வாயை மூடிக்கொண்டார். இருபது விநாடியும் கடந்தது. மற்றப் பரீட்சகர் புள்ளித்தாளை எடுக்கக் கை நீட்டினார். குமாரசிங்கம் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

முப்பத்தோராம் விநாடியில் தனுஜா பேசத் தொடங்கினாள். இலையின் மேலுள்ள நீர், காற்றின் ஈரப்பதன், விசிறியின் வேகம் என ஒழுங்காக ஒன்பது நிமிடம் விளக்கினாள். கேட்கப்படவிருந்த இரண்டாம் கேள்விக்கும் அதிலேயே விடை இருந்தது. அவள் தேர்வில் சித்தியெய்தினாள்.

வெளியே வந்த குமாரசிங்கம், “இருபது போதும் எண்டு ஆர் சொன்னது?” என்று கேட்டார்.

“நான்தாங்க சேர். ஒங்களுக்கு அதுக்கு மேல தாங்காதுன்னு நெனச்சேன்.”

அடுத்த பயிற்சியில் ஜெயலெட்சுமி நேரத்தை நாற்பத்தைந்து விநாடியாக உயர்த்தினார். குமாரசிங்கம் அதில் இருமுறை தோற்றார்.