லூர்து மேரி எண்ணிய ஆட்கள்

லூர்து மேரி அக்கா இறந்த செய்தி எங்கள் அலுவலக வாட்ஸப் குழுவில் காலை ஒன்பதே காலுக்கு வந்தது. கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்தன. பத்து நிமிடத்தில் அதே குழுவில் பதினோரு மணிக் கூட்டத்துக்கான இணைப்பும் வந்தது. கைகூப்பிய எல்லோரும் அதற்குக் கட்டைவிரல் காட்டினார்கள். நானும் காட்டினேன்.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நல்லவர், கலகலப்பானவர் என்று எழுதி முடித்தால் உங்களுக்கும் எனக்கும் சௌகரியம். அந்தச் சௌகரியத்தை நாம் ஏற்கெனவே நிறைய அனுபவித்துவிட்டோம்.

மாநிலத்தின் ஓட்டல்களும் பார்களும் பொருளாதாரத்துக்கு எவ்வளவு தருகின்றன என்று கணக்கிடும் ஆய்வை எங்கள் நிறுவனம் எடுத்திருந்தது. ஆய்வைக் கேட்டது உரிமையாளர்களின் சங்கம். நான் மேசையில் உட்கார்ந்து அட்டவணை போடுகிறவன். அக்கா விவேக் நகரிலிருந்து பஸ் பிடித்து, கடை கடையாக ஏறிப் படிவம் நிரப்பும் ஒப்பந்த ஊழியர்.

முதல் வாரம் நானும் கூடப் போனேன். அல்சூர் பக்கம் ஒரு பார். "லேடீஸ் உள்ள வரக் கூடாது மேடம்" என்றார் வாசலில் இருந்தவர். "குடிக்க வரலப்பா, கேக்க வந்தேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார் அக்கா. முதலாளி வந்தார். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்டதற்கு, "ஆறு பேர்தான் மேடம், சும்மனே எழுதிக்கோங்க" என்றார் கன்னடம் கலந்த தமிழில். அக்கா எழுதவில்லை. எழுந்து நேரே சமையலறைக்குள் போனார். பின்கதவருகே ஆணிகளில் பதினோரு சட்டைகள் தொங்கின.

"மிச்ச அஞ்சு சட்டை யாரோடது சார்?"

முதலாளி கல்லாவுக்குத் திரும்பிப் போனார். வெளியே வந்ததும் அக்கா என்னிடம் சொன்னார்: "கல்லாவுல இருக்கிறவர் பாதிதான் சொல்வாரு தம்பி. மீதிய பாத்திரம் கழுவுற எடத்துல கேக்கணும்."

போன இடத்திலெல்லாம் அப்படித்தான் கேட்டார். பாத்திரம் கழுவுகிறவர்கள், வெங்காயம் உரிக்கிறவர்கள், சாப்பாடும் படுக்க இடமும் மட்டுமே கூலியாகப் பெறுகிறவர்கள் எல்லோரும் அவர் படிவங்களில் ஏறினார்கள். சங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. விற்பனை பெரிதாகத் தெரிந்தால் வரிச்சலுகை கேட்கலாம். பதிவில் இல்லாத ஆட்கள் தெரிந்தால் வேறு கேள்விகள் கிளம்பும். "அந்தம்மா ஃபாரம் எல்லாத்தையும் சரிபார்க்கப்படாததுன்னு போட்டு ஒதுக்கிடுங்க" என்றார் எங்கள் இயக்குநர். ஒதுக்கினேன். அந்தச் சட்டைகளை என் கண்ணாலேயே பார்த்திருந்தும் ஒதுக்கினேன்.

அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கத்தவில்லை. "நீ பாக்கலன்னு எழுதிக்கோ தம்பி. நான் பாக்கலன்னு எழுதாத" என்றார். அடுத்த மாதம் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. எனக்குப் பதவி உயர்வு வரவிருந்த நேரம் அது. வாய் திறக்கவில்லை.

அறிக்கையை நட்சத்திர ஓட்டல் ஒன்றில் வெளியிட்டார்கள். யாரும் அழைக்காமலேயே அக்கா வந்திருந்தார், இஸ்திரி போட்ட பருத்திப் புடவையில். பட்டியலில் பெயர் இல்லை என்று வாசலில் நிறுத்திவிட்டார்கள். மேடையோரத்திலிருந்து பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். பத்தடி நடந்து போய், "எங்க ஆள்தான், விடுங்க" என்று சொல்லியிருந்தால் போதும். அறிக்கையைப் புரட்டுகிறவன்போல் தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது அவர் அங்கே இல்லை.

அடக்கத்துக்கு அலுவலகத்திலிருந்து மலர்வளையம் வந்தது. ஆள் என்று போனது நான் ஒருவன்தான். கல்லறைத் தோட்ட வாசலில், உறவுக்காரர்களிடமிருந்து தள்ளி நான்கு பேர் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவர் சிவாஜி நகரில் ஒரு பிரியாணிக் கடையில் பாத்திரம் கழுவுகிறவராம்.

"மேடம்கூட வேலை செஞ்சீங்களா சார்?" என்றார்.

"ஆமா" என்றேன். எங்கிருந்து வந்த துணிச்சலோ, அதையும் சொல்லிவிட்டேன்: "உங்கள எல்லாம் அந்த அறிக்கையில சேக்கல."

"தெரியும் சார். மேடமே வந்து சொன்னாங்க. எழுதிட்டுப் போன எல்லாக் கடைக்கும் திரும்பப் போனாங்க. 'உங்கள விட்டுட்டாங்கப்பா, என்ன மன்னிச்சிடுங்க'ன்னு எங்க கையப் புடிச்சிக்கிட்டாங்க."

வேலை போன பிறகு, யாரும் அனுப்பாமல், பஸ் மாறி பஸ் ஏறிப் போயிருக்கிறார். அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது இது ஒன்றுதான்: நான் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை, அவர் கடை கடையாகப் போய்க் கேட்டார்.