மூன்று கொப்பிகளும் ஒரு புள்ளியும்

போன சனிக்கிழமை வகுப்பில் ஒரு மாணவியைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

மாணவி என்றால் சின்னப் பிள்ளை இல்லை. கிண்ணியாவில் இருந்து வருகிற ரிஸானா ரீச்சர். வாரநாட்களில் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவர். சனிக்கிழமைகளில் என்னிடம் வெப் புரோகிராமிங் படிக்க வருகிறார். என்னைவிட நன்றாகக் கணக்குத் தெரிந்தவர்.

அன்று ஒரு நூலகத்துக்கான இணையத்தளம் செய்துகொண்டிருந்தோம். அங்கத்தவர் ஒருவர் விலகினால் அவர் பெயரையும், அவரோடு சேர்ந்த எல்லாப் பதிவுகளையும் ஒரே சொல்லில் அழிக்கிற மாதிரி ரீச்சர் எழுதியிருந்தார். பாடப்படி அது சரி. பரீட்சையில் முழுப் புள்ளியும் போடலாம். ஓட்டிப் பார்க்க விசையில் விரலை வைத்தார்.

“கையை எடுங்கோ!” என்று நான் போட்ட சத்தத்தில் முழு வகுப்பும் திரும்பிப் பார்த்தது.

ரீச்சர் கையை எடுத்துவிட்டார். முகம் சுண்டிப்போய்விட்டது. “சேர்... இது சும்மா போட்ட பேர்தானே? உண்மையான ஆள் இல்லையே?” என்றார்.

உண்மையான ஆள் இல்லைதான். நான் மன்னிப்புக் கேட்டேன். தலையிடி என்று ஒரு பொய்யும் சொன்னேன். தலையிடி இல்லை ரீச்சர். காரணம் வேறு. உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஏலவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

வழக்கமாகப் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் என் அசட்டுத்தனங்களை எழுதி உங்களைச் சிரிக்கவைப்பேன். இதுவும் என் அசட்டுத்தனம்தான்... சிரிக்கத்தான் முடியாது.

சண்டைக் காலம். மூதூர்ப் பக்கத்துச் சனம் கொட்டியாரக் குடாவைத் தாண்டி எப்படி எப்படியோ திருகோணமலைக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தது. பட்டணத்துப் பள்ளிக்கூடம் ஒன்று முகாமாகிவிட்டது. துறைமுகத்துக்குப் போகிற வீதியில் இருந்த ஒரு சின்ன நிவாரணக் கந்தோரில் எனக்கு வேலை. வயது இருபத்தாறு. கொம்பியூட்டர் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பதால் தலைக்கனம் வேறு.

முகாமில் மூன்று கொப்பிகள் இருந்தன. நிவாரணக் கொப்பி ஒன்று, நடமாடும் கிளினிக்கின் கொப்பி ஒன்று, பிள்ளைகளின் படிப்பு விபரம் எழுதிய கொப்பி ஒன்று. மூன்றையும் மூன்று பேர் எழுதினார்கள். மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துவராது. மேலிடத்தில் இருந்து கேள்வி மேல் கேள்வி வரும். ‘மூன்றையும் சேர்த்து ஒரு டேட்டாபேஸ் செய்து தாரும்’ என்று பொறுப்பாளர் சொன்னார்.

அப்போதுதான் ஓ.ஆர்.எம். என்ற ஒன்றைக் கேள்விப்பட்டேன். ஒப்ஜெக்ட் ரிலேஷனல் மெப்பிங். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், விசயம் லேசு. டேட்டாபேஸ் என்பது வெறும் அட்டவணைகள். இந்த அட்டவணையில் இருக்கிற தாயின் பிள்ளைகள் அந்த அட்டவணையில் யார் யார் என்று கேட்க, முன்பெல்லாம் முழ நீளத்துக்கு எழுத வேண்டும். ஓ.ஆர்.எம். வந்த பிறகு, யார் யாருக்கு என்ன உறவு என்று ஒரு தடவை சொல்லிவைத்தால் போதும். பிறகு தாய் என்று எழுதி, ஒரு புள்ளி வைத்து, பிள்ளைகள் என்று எழுதினால் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். ஒரு புள்ளி... அவ்வளவுதான்!

இன்டர்நெற் கடையில் இருந்து அதன் கையேட்டைப் பிரிண்ட் எடுத்தேன். தாள் தட்டுப்பாடு, அதனால் பழைய நிவாரணப் படிவங்களின் பின்பக்கத்தில். கையேட்டில் எல்லா உதாரணமும் கஸ்டமரும் ஓடரும்தான். எங்களிடம் கஸ்டமருமில்லை, ஓடருமில்லை. நான் கஸ்டமர் இருந்த இடத்தில் தாயைப் போட்டேன். ஓடர் இருந்த இடத்தில் பிள்ளையைப் போட்டேன். கரண்ட் இருக்கிற நேரம் எழுதுவதும், இல்லாத நேரம் வாசிப்பதுமாக ஆறு கிழமை போனது.

கடைசியில் ஒரு நாள் முற்பகல் அது வேலை செய்தது. தாய்மாரின் அடையாள அட்டை இலக்கத்தை வைத்து மூன்று கொப்பியும் ஒன்றாகிவிட்டன. நான் கதிரையை விட்டு எழும்பிக் கைதட்டினேன். கந்தோரில் இருந்தவர்கள் எனக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா? கெட்டிக்காரன் அல்லவா! கொப்பிக்குக் கொப்பி பிள்ளைகளின் தொகை வித்தியாசப்படுகிற குடும்பங்களைக் கண்டுபிடிக்க இன்னும் நாலு வரி எழுதினேன். பதினொரு குடும்பங்கள் வந்தன. ‘விபரம் பொருந்தாத குடும்பங்கள்’ என்று தடித்த எழுத்தில் தலைப்புப் போட்டேன். தாயின் பெயர், விடுபட்ட பிள்ளையின் பெயர், ஆணா பெண்ணா, வயது... எல்லாம் அழகாகக் கட்டம் கட்டி. ‘உரியவர்கள் கந்தோருக்கு வந்து திருத்திக்கொள்ளவும்’ என்று கீழே ஒரு வரி. ஒரு திங்கட்கிழமை காலை அதை முகாம் வாசலில் இருந்த அறிவித்தல் பலகையில் ஒட்டினேன். வேறு யாரும் இல்லை, நானேதான் ஒட்டினேன்.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் செய்கிற வேலையா அது? எங்கள் வீட்டுப் பதிவிலேயே என் அண்ணன் ஐந்து வருடமாகக் கட்டாரில் இருந்தான். உண்மையில் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தான். எந்தக் கொப்பிக்கு எதைச் சொல்ல வேண்டும், எந்தக் கொப்பிக்கு எதைச் சொல்லக்கூடாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சோதனைச் சாவடியில் ஒரு கதை, ஊர்ப் பதிவு எழுதுகிற விதானையாரிடம் ஒரு கதை, பள்ளிக்கூடத்தில் ஒரு கதை. அப்படித்தான் பிள்ளைகளை வைத்திருந்தோம். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்ததும் மறந்துவிட்டது. மடையன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தவமணி அக்கா கந்தோருக்கு வந்தார்.

மூதூருக்குப் பக்கத்துக் கட்டைபறிச்சான் ஆள். புருசன் இல்லை. நாற்பது வயது இருக்கும். என் முன்னால் வந்து நின்று, சேலைத் தலைப்புக்குள் இருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். என்னுடைய பட்டியல். பலகையில் இருந்து கிழித்துக்கொண்டு வந்திருந்தார். ஒட்டின மூலைகளில் பலகையின் பச்சைப் பெயின்ட்.

“தம்பி, இது ஆர் எழுதினது?”

“நான்தான் அக்கா. ஏன், பிழையோ?”

“பிழையில்லை. அதுதான் பயமாக் கிடக்கு.”

எனக்கு விளங்கவில்லை. “நீங்கள் நிவாரணத்துக்கு ரெண்டு பிள்ளை எண்டு குடுத்திருக்கிறீங்கள் அக்கா. கிளினிக்கில மூண்டு எண்டு கிடக்கு. சின்ன மகளும் தனக்கு ஒரு அண்ணா இருக்கிறார் எண்டு படிப்புக் கொப்பியில சொல்லியிருக்கிறா. அதுதான்...” என்று இழுத்தேன். என் கெட்டித்தனத்தை அவருக்கும் விளக்கப்போகிறேனாம்!

“நிவாரணத்துக்குக் கேட்டது முகாமில ஆர் ஆர் இருக்கிறீங்கள் எண்டு. நானும் ரெண்டு பெட்டையளும் எண்டு சொன்னனான். கிளினிக்கில நேர்ஸ் மிஸ்ஸி கேட்டவ, உயிரோட எத்தினை பிள்ளை எண்டு. அதுக்கு எப்பிடித் தம்பி ரெண்டு எண்டு சொல்லுறது? வாய் வருமோ? அந்த ஒரு இடத்தில மட்டும் மூண்டு எண்டு பேரும் வயதும் சொல்லிப்போட்டன்.”

அவர் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்.

மகன் சுதாகரன். பத்தொன்பது வயது. சண்டைக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் ஒரு பக்கம், சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் மறுபக்கம். இரண்டு பக்கத்துக்கும் அந்த வயதுதான் வேண்டும். தாயோடும் தங்கைகளோடும் படகில் வந்து கரையில் இறங்கியவனை முகாமுக்கே கூட்டிவராமல், தெரிந்த ஒருவரோடு அப்படியே கந்தளாய்க்கு அனுப்பிவிட்டார். அங்கே ஒரு அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறான். அங்கே அவனுக்கு வேறு பெயர்; அவன் யார், எவர் என்று யாருக்கும் தெரியாது. இங்கே அவன் இருப்பதே யாருக்கும் தெரியாது.

தெரியாமல் இருந்தது... நான் புள்ளி வைக்கும் வரைக்கும்.

“அவனை அதுக்குள்ள இருந்து எடுத்துவிடுங்கோ தம்பி,” என்று கொம்பியூட்டரைக் காட்டினார். “எனக்கு ரெண்டு பிள்ளை எண்டே எழுதுங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன்.”

எழுதினேன். ஓ.ஆர்.எம்.மில் அதுவும் லேசு. ஒரு பதிவை அழித்தால் அதில் தொங்கிக்கொண்டிருக்கிற எல்லாப் பதிவும் தானாக அழிகிற மாதிரிச் செய்யலாம். செய்துவைத்திருந்தேன். ‘தொடர்புடைய அனைத்தும் அழியும். சம்மதமா?’ என்று திரை கேட்டது. அந்தக் கேள்வியை நான்தான் தமிழில் எழுதி, நல்ல வசனம் என்று மெச்சியும் இருந்தேன்.

தவமணி அக்கா திரையைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சம்மதம் என்று அழுத்தினேன்.

கொப்பிகளும் இருந்தனவே? அன்றே மூன்றையும் வாங்கி, அவர் பெயர் இருந்த பக்கங்களைக் கிழித்துவிட்டு, அதில் இருந்த மற்றவர்களின் விபரத்தை என் கையால் திரும்ப எழுதினேன். கிழித்ததையும் அந்தப் பட்டியலையும் கந்தோர்க் குசினிக்குள் கொண்டுபோய் அடுப்பில் வைத்தேன். பட்டியல் எடுக்கிற அந்த நாலு வரியையும் அழித்தேன். மற்றப் பத்துக் குடும்பங்களையும் தேடிப்போய், அவர்கள் சொன்னபடி திருத்தினேன். ‘இனிப் பயமில்லை அக்கா’ என்று தவமணி அக்காவுக்குச் சொல்லியும் அனுப்பினேன். நினைத்தால் இப்போதும் நாக்குக் கூசுகிறது.

ஒன்றரை நாள் அந்தத் தாள் வாசலில் கிடந்திருக்கிறது. யார் யார் வாசித்தார்கள்? யார் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள்? அந்தக் கிழமைக்குள் இரண்டு பேர் முகாமுக்கு வந்து, சுதாகரன் எங்கே என்று பெயர் சொல்லிக் கேட்டார்கள். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று கேட்காதீர்கள். தவமணி அக்காவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

தாய் பயந்துபோனார். பயப்படாமல் என்ன செய்வார்? கந்தளாயில் வைத்திருக்க வேண்டாம், உடனே கொழும்புக்கு பஸ் ஏற்றிவிடுங்கள் என்று சொல்லியனுப்பினார். ஏற்றிவிட்டார்கள். வழியில் பஸ்ஸை மறித்து அவனை இறக்கியிருக்கிறார்கள். பஸ் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது. அவனுடைய பை போய்ச் சேர்ந்தது. நடத்துனர் நல்ல மனுசன். பைக்குள் இருந்த துண்டுக் கடதாசியில் ஆலையின் விலாசத்தைப் பார்த்து அங்கே கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு சாரம், ஒரு சேட், தங்கைகளுக்கு வாங்கின வளையல் பெட்டி ஒன்று.

சுதாகரன் அதற்குப் பிறகு எங்கும் இல்லை.

நான் அந்தப் பட்டியலை ஒட்டாமல் இருந்திருந்தால் அவன் இன்றைக்கும் மூட்டை தூக்கிக்கொண்டு இருந்திருப்பானா? ‘நடக்கிறது நடந்துதான் இருக்கும்’ என்று பலர் எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். ஒருநாளும் ஆறவில்லை.

சண்டை முடிந்தது. காணாமல் போனவர்களைப் பற்றிய விசாரணைகள் வந்தன. தவமணி அக்கா ஒன்று விடாமல் போனார். அப்படி ஒன்றுக்குப் போனவர் நேரே என்னிடம் வந்தார். கோபமாக வந்திருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாக வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்.

“முகாமில எடுத்த பதிவில எனக்கு ரெண்டு பெட்டையள்தானாம் தம்பி. அப்பிடியொரு ஆண்பிள்ளை இல்லையாம். பிறந்ததுக்குப் பதிவுத் துண்டு இருக்கு, காட்டினனான். அவன் இந்தக் கரைக்கு வந்து உயிரோட இருந்ததுக்கு என்ன ஆதாரம் எண்டு கேக்கினம்.”

விளங்குகிறதா ரீச்சர்? அது என்னுடைய பதிவு. மூன்று கொப்பியாகவே இருந்திருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். கொம்பியூட்டரில் இருந்து வந்த சுத்தமான பதிவு என்பதால் ஒவ்வொரு கந்தோரும் ஒவ்வொரு பிரதி வாங்கிவைத்திருந்தது. ‘உயிரோடு மூன்று’ என்று அந்த மிஸ்ஸி எழுதின ஒரு பக்கம்தான் அந்த மாதம் அவன் இருந்தான் என்பதற்கு இருந்த ஒரே தாள். அதை நான் அடுப்பில் வைத்தேன்.

“நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கோவன்,” என்றார் தவமணி அக்கா.

போனேன். விசாரிக்க மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் நிதானமாகத்தான் கேட்டார்.

“இந்தப் பதிவில் சுதாகரன் என்ற பெயர் இருந்ததா?”

“இருந்தது ஐயா. நான்தான் அழிச்சனான்.”

“அழித்ததற்கு ஏதாவது ஆதாரம்?”

“அதையும் சேர்த்துத்தான் ஐயா அழிச்சனான்.”

அவர் பேனையை மூடி வைத்துவிட்டார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்தோம். அழுதது நான்தான். தவமணி அக்கா குடையை விரித்தார். “நீங்கள் சொன்னதை அவர் எழுதேல்லையே தம்பி?” என்று மட்டும் கேட்டார். இல்லை அக்கா என்றேன்.

அன்றில் இருந்து என் புரோகிராம்களில் எதையும் நான் உண்மையாக அழிப்பதில்லை. ‘பாவனையில் இல்லை’ என்று ஒரு அடையாளம் போட்டு வைத்துக்கொள்வேன். யாராவது என்னிடம் படிக்க வந்தால் அவர்களையும் அழிக்க விடமாட்டேன். நல்ல முறை என்று சிலர் பாராட்டுகிறார்கள். முறையாவது, மண்ணாவது... பயம்!

இதை எழுதட்டுமா என்று கேட்க, போன ஞாயிற்றுக்கிழமை தவமணி அக்கா வீட்டுக்குப் போனேன். மகனின் பெயரையும் தன் பெயரையும் மாற்றாமல் போடச் சொன்னார். “பேப்பரில வந்தால் அழிக்க ஏலாதுதானே?” என்று இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். ஏலாது அக்கா என்றேன். அப்படியென்றால், அன்று கந்தோரில் அவர் கெஞ்சிக் கேட்டு ‘ரெண்டு பிள்ளை’ என்று நான் எழுதினதைத் திருத்தச் சொன்னார். திருத்துகிறேன்.

கட்டைபறிச்சான் தவமணிக்குப் பிள்ளைகள் மூன்று.