தூங்காமல் வந்த பதினேழு மணி நேரம்

என் தம்பி பள்ளி வேன் ஓட்டுகிறவன். காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, இருபத்திரண்டு பிள்ளைகள். பள்ளிக்கூடத்துப் பக்கம் ஹாரன் அடிக்கக் கூடாது என்று பலகை வைத்த நாளிலிருந்து வாயாலேயே ஹாரன் அடிப்பான். அதனால் பிள்ளைகளுக்கு அவன் "ஹாரன் அங்கிள்". நாற்பது வயது ஆண்பிள்ளைக்கு இது ஒரு பேரா என்று நான் திட்டுவேன். அவனுக்கு அதில் ரொம்பப் பெருமை.

வேலையில் அவனிடம் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு வருஷமும் முதல் நாள் ஒரு கூத்து நடக்கும். பிள்ளையை ஏற்றிவிட வரும் அம்மாக்கள், அது அந்தப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து நழுவப் பார்ப்பார்கள். இவன் இறங்கிப் போய் மறிப்பான். "ஏமாத்திட்டுப் போகாதீங்கம்மா. சொல்லிட்டுப் போங்க. அழுத பிள்ளை பத்து நிமிஷத்துல சரியாயிடும். ஏமாந்த பிள்ளை மறுநாள் வண்டியிலயே ஏறாது." இதை நானே பல தடவை காதால் கேட்டிருக்கிறேன். ஊருக்கு உபதேசம் என்றால் அவனுக்கு வாய் நிறைய வரும்.

நான் அவனுக்கு அக்கா. பள்ளிச் சீருடை தைக்கிறேன். முன்னறையில் என் இரண்டு மெஷின், பின்னறையில் அவனும் அவன் இரண்டு பிள்ளைகளும். பெரியவளுக்குப் பன்னிரண்டு, வாண்டுக்கு ஏழு. அவன் மனைவி நர்ஸ். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேலை கிடைத்து வெளிநாடு போனாள். ஆறு மாதத்தில் எல்லோரையும் கூட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அப்புறம் போனிலேயே சண்டை, போனிலேயே மௌனம், கடைசியில் வக்கீல் மூலமாகப் பேச்சு. தப்பு யார் மேல் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் அவனுக்கு அக்கா, அவள் மேல்தான் சொல்வேன், நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

பிள்ளைகள் அவளிடம் போவது என்று முடிவானது. யாரும் இவன் கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்கவில்லை. பெரியவள் ஒரு நாள் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, பித்தானுக்குக் காஜா போட்ட சட்டைகளை மடித்துக்கொண்டே, "எனக்கு அம்மா வேணும் அத்தை" என்றாள். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. அதை நான் அவனிடம் சொன்னேன். அவன் ராத்திரி சாப்பிடாமல் படுத்தான், மறுவாரம் கையெழுத்துப் போட்டான்.

சிக்கல் வாண்டுதான். "அப்பா வந்தா வரேன், இல்லன்னா நான் வரல" என்று ஒற்றைக் காலில் நின்றான். "நானும் வரேன்டா" என்று இவன் சொல்லிவிட்டான். கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பப் போகிறோம் என்பதைச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், பெரியவளுக்குத் தெரியும், அம்மாக்காரிக்குத் தெரியும். வாண்டு மட்டும் அப்பாவும் அங்கேயே இருக்கப் போகிறார் என்று தன் வேன் சிநேகிதர்கள் இருபத்தொரு பேரிடமும் சொல்லி முடித்திருந்தான்.

"எப்படா சொல்லப்போற?" என்று கேட்டேன்.

"பிளேன்ல வச்சுச் சொல்லிடறேன்க்கா. பதினேழு மணி நேரம் இருக்கே. மடியில போட்டுக்கிட்டு நிதானமா சொல்லிக்கலாம். நீ மட்டும் வாயைத் திறந்துடாத. நான்தான் சொல்லணும்."

"சத்தியமா சொல்வியா?"

"சத்தியமா."

அங்கே ஐந்து நாள் தங்க அனுமதி இருந்தது. அவன் தங்கவில்லை. இறங்கின அன்றைக்கே, எட்டு மணி நேரம் கழித்துக் கிளம்பும் விமானத்தில் திரும்பிவிட வேண்டும் என்றான். "அஞ்சு நாள் இருந்தா அஞ்சு நாளும் பிரியணும்க்கா." எனக்கு விமானம் என்றாலே பயம். ஆனாலும் திரும்பி வரும்போது அவன் தனியாக வரக் கூடாது என்று நானும் கிளம்பினேன்.

நடு வரிசையில் நாலு இருக்கை. நான், பெரியவள், வாண்டு, அவன். விமானம் எழும்பியபோது நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு பெரியவள் கையைப் பிசைந்துவிட்டேன். "அத்தை, என் விரல் எனக்கு வேணும்" என்றாள். வாண்டு, "அப்பா, ஹாரன் அடி! முன்னாடி மேகம் நிக்குது!" என்று கத்தினான். இவனும் அடித்தான். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்து முறைத்தார்.

ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சின்னத் திரை. அதில் படம் பார்க்கலாம், விளையாடலாம். வாண்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வரைபடத்தைப் போட்டுக்கொண்டான். ஒரு குட்டி விமானம், கீழே இன்னும் எத்தனை மணி என்ற கணக்கு. "பதினாறு!" என்று கத்தினான். கொஞ்ச நேரம் போனதும் "பதினஞ்சு!" ஒவ்வொரு மணி குறையும்போதும் அவனுக்குக் கொண்டாட்டம், தம்பி முகம் கறுத்துப்போகும். நைசாகக் கையை நீட்டி கார்ட்டூனுக்கு மாற்றுவான். வாண்டு திரும்ப வரைபடத்துக்கே வருவான்.

முதல் சாப்பாடு முடிந்து ஜன்னல் மறைப்புகளை எல்லாம் இறக்கி, விளக்கைக் குறைத்தார்கள். சுற்றிலும் பிள்ளைகளைப் போர்வையில் சுருட்டித் தூங்க வைத்தார்கள். எங்கள் வரிசைக்கு வந்த பணிப்பெண்ணும், "இப்ப கொஞ்சம் தூங்க வச்சுடுங்க சார். இறங்கும்போது தெளிவா இருப்பாங்க" என்றாள். நான் வாண்டுக்குப் போர்வையைப் போர்த்திவிட்டேன். அவன் கண்ணும் சொக்கியது.

தம்பி அந்தப் போர்வையை விலக்கினான். "டேய், ஒரு விளையாட்டு. இறங்குற வரைக்கும் யாரும் தூங்கக் கூடாது. தூங்குறவங்க தோத்தாங்க!"

விடியற்காலை ஏறும் பிள்ளைகள் தூங்கிவிழாமல் இருக்க வேனில் அவன் வைக்கும் விளையாட்டு அது. அங்கே இருபது நிமிஷப் பயணம். இங்கே?

"பைத்தியமாடா உனக்கு?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

அவன் என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, "தூங்கினா அந்த நேரமெல்லாம் வீணாப் போயிடும்க்கா" என்றான். நான் வாண்டின் போர்வையை மடித்து வைத்தேன்.

அப்புறம் அவன் போட்ட ஆட்டத்தைக் கேட்க வேண்டுமா! காகிதத் துண்டில் புள்ளி வைத்துக் கட்டம் கட்டினான். தண்ணீர்க் குவளையை அடுக்கினான். பின்பக்கம் கழிவறை வரைக்கும் போய்வர "வேன்" ஓட்டினான். வாண்டு முன்னால் நடக்க, இவன் வாயால் கியர் மாற்றிக்கொண்டே பின்னால் வந்தான். நின்று தூங்கிய ஒரு பெரியவர் பயந்து வழிவிட்டார். பதினொன்றாவது தடவை நடந்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இத்தனைக்கும் நடுவில் ஒவ்வொரு மணிக்கும் நான் கண்ணால் கேட்பேன். அவன் விரலைக் காட்டுவான், இன்னும் ஒரு மணி நேரம் என்று.

பாதி வழியில் பெரியவள் என்னோடு கழிவறை வரிசையில் நின்றாள்.

"அத்தை, அப்பா இன்னும் சொல்லலையே."

"சொல்வாரு."

"நான் சொல்லட்டுமா? அவன் என்கிட்ட, அங்க அப்பாவுக்கு எந்த ரூம்னு கேக்கறான். நான் என்ன சொல்றது?"

"நீ சின்னப் பொண்ணு. பேசாம இரு. அப்பா பாத்துக்குவாரு."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இருக்கைக்குத் திரும்பியதும் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு படுத்துவிட்டாள். "அக்கா தோத்துட்டா! அக்கா தோத்துட்டா!" என்று வாண்டு குதித்தான். அவள் தூங்கவில்லை. போர்வைக்குள் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. நான் தட்டிக்கொடுத்தேன், வேறு என்ன செய்ய? இந்தப் பெண்ணின் தலையில் இதைத் தூக்கி வைத்துவிட்டோமே என்று எனக்கு அழுகை முட்டியது.

தம்பி மேல் கோபமாக வந்தது. வாண்டு காதில் ஹெட்போன் மாட்டிக் கார்ட்டூன் பார்த்த நேரத்தில் அவன் பக்கம் எட்டிக் குனிந்தேன். "ஊரு அம்மாக்களை எல்லாம் மறிச்சுக் கேட்டியேடா, உன்னை யாரு மறிச்சுக் கேக்கறது?" என்றேன்.

"சொல்றேன்க்கா. இவ்வளவு சந்தோஷமா இருக்கான், இப்ப போயி எப்படிக்கா?"

"சந்தோஷமா இல்லாதப்ப சொல்லப்போறியா?"

அவன் வரைபடத்தைப் பார்த்தான். நாலு மணி நேரம் என்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் வாண்டு அவன் தோளில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு, "நான்தான் டிரைவர், நீ ஸ்கூல் பையன். அழாம வா" என்று அதட்டினான். கண் இரண்டும் சிவந்து, பேச்சே குழறியது அந்தப் பிள்ளைக்கு. இருந்தும் தூங்கவில்லை. அப்பா வைத்த பந்தயம் அல்லவா.

கடைசி ஒரு மணி நேரம். ஜன்னல் மறைப்புகளைத் திறந்தார்கள். வெயில் பளீரென்று உள்ளே அடித்தது. காலைச் சாப்பாடு என்று ஆம்லெட்டும் ரொட்டியும் கொடுத்தார்கள். தம்பி அதைத் தொடவே இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாண்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். பெரியவளும் எழுந்து உட்கார்ந்தாள்.

"டேய் கண்ணா. அப்பா ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது, சரியா?"

பதில் இல்லை. குனிந்து பார்த்தான். வாண்டு வாயில் ரொட்டித் துண்டோடு தூங்கிப்போயிருந்தான்.

எழுப்பினான். தட்டினான். கன்னத்தில் தண்ணீரைத் தொட்டு வைத்தான். வாயாலேயே ஹாரன் அடித்தான், மெதுவாக, காதுக்குள். பதினாறு மணி நேரம் அடக்கி வைத்த தூக்கம், எழுமா? விமானம் தடதடவென்று தரையைத் தொட்டபோதும் அந்தப் பிள்ளை அசையவில்லை.

வெளியே அவன் அம்மா நின்றாள். வேலையிலிருந்து நேரே வந்திருந்தாள் போல, கோட்டுக்கு உள்ளே நர்ஸ் உடுப்பு தெரிந்தது. பெரியவள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அத்தனை நேரம் அடக்கியதெல்லாம் அங்கேதான் வெடித்தது. பெட்டி வண்டியில் பெட்டிகளின் மேல் சுருண்டு கிடந்த மகனை அவள் குனிந்து முகர்ந்தாள். அவளும் அழுதாள். அவளைத் திட்ட நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் அப்போது வாய்க்கு வரவில்லை.

"எழுப்பட்டுமா?" என்று தம்பியிடம் கேட்டாள். "சொல்லிட்டீங்களா அவன்கிட்ட?"

"இல்ல. வேண்டாம், தூங்கட்டும். நான் போன்ல சொல்லிக்கிறேன்."

"எழுப்புடா" என்றேன் நான். "இப்ப விட்டா அப்புறம் முடியாது."

"வேண்டாம்க்கா" என்று கையைக் கூப்பினான். அக்காவிடம் கை கூப்புகிறவனை என்ன செய்வது.

அவனே தூக்கிப்போய்ப் பின் இருக்கையில் உட்காரவைத்து, பெல்ட்டைப் போட்டு, கழுத்தில் அறுக்காமல் தன் துண்டை மடித்து நடுவில் வைத்தான். பூட்டு விழுந்ததா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். கார் திரும்பி மறையும்வரை பெரியவள் மட்டும் கண்ணாடி வழியாகக் கையை ஆட்டிக்கொண்டே போனாள்.

அதற்குப் பிறகு நாங்கள் நிலையத்துக்குள்ளேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான் வாங்கிவந்த டீயை அவன் பிடித்துக்கொண்டே இருந்தான், அது ஆறி ஆடை கட்டியது. மூன்று மணி நேரம் கழித்து அவன் போன் அடித்தது. பெரியவள். "அப்பா, எழுந்துட்டான். வீடு பூரா உன்னைத் தேடறான். கட்டிலுக்கு அடியிலயும் பாத்துட்டான். நீயே பேசு."

போனில் குரல் சன்னமாகக் கேட்டது. நான் காதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

"அப்பா, நான் தோத்துட்டேன்னு போயிட்டியா? கொஞ்ச நேரம்தான்பா தூங்கினேன். இனிமே தூங்க மாட்டேன். வா."

தம்பி அவ்வளவு பேர் நடுவில் ஐயோ என்று வாய்விட்டுச் சொன்னான். பெட்டியோடு போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"இல்லடா சாமி. நீ தூங்கினதால இல்ல. நீ தூங்கலன்னாலும் அப்பா போயிருப்பேன்டா. முன்னாடியே முடிவானது. நீயும் அக்காவும் அம்மாகூட, நான் அத்தைகூட. சொல்லத்தான் பயந்துட்டேன்."



"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும்டா."

"அம்மாவுக்கு?"

"தெரியும்."

"அத்தைக்கு?"

தம்பி என்னைப் பார்த்தான். "தெரியும்."

"எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாதா?"

அவ்வளவுதான். அழக்கூட இல்லை. போனை எங்கேயோ வைத்துவிட்டுப் போய்விட்டான். அப்பா, அப்பா என்று பெரியவள்தான் கொஞ்ச நேரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

தம்பி போனை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். எங்கள் விமானத்துக்கு அழைத்தபோது எழுந்துகொண்டே சொன்னான்.

"நீயாவது சொல்லியிருக்கலாமேக்கா."

நீதானே வாயைத் திறக்காதே என்றாய் என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை. பதினேழு மணி நேரமும் அந்தப் பிள்ளைக்கு ஒரே ஒரு இருக்கை தள்ளித்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.