மூத்தாரின் மின்னஞ்சலில் இருந்த கடை

பணம் கட்டி வாங்கிவிட்டால் ஒரு பெயர் உங்களுடையதாகிவிடும் என்று உங்களுக்கு யார் சொன்னது?

நாமகிரிப்பேட்டை சௌந்திரம் அப்படித்தான் நம்பியிருந்தார். வயது ஐம்பத்தொன்று. லாரி ஓட்டப் போன இடத்தில் கணவர் ராசு மாரடைப்பில் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அதன் பிறகு வீட்டுக்குப் பின்னால் ஓர் அரவை இயந்திரத்தைப் போட்டு, மஞ்சள் தூளைப் பொட்டலமாக்கி விற்கத் தொடங்கினார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகள் தனப்பிரியாதான், "அம்மா, ஒரு வெப்சைட் போட்டா ஊரு ஊரா ஆர்டர் வரும்" என்று பிடிவாதம் பிடித்தாள்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஜெயபிரகாஷ் என்பவரின் சிறிய அலுவலகத்துக்கு மூன்று பேர் போனார்கள். தாய், மகள், மூன்றாவதாக ராசுவின் அண்ணன் நவநீதகிருஷ்ணன். இரண்டு பெண்கள் தனியாகப் போய்க் கையெழுத்துப் போடுவது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. குடும்ப நிலத்தின் பட்டா அவர் பெயரில். கிணற்று மோட்டாரின் மின் இணைப்பும் அவர் பெயரில்.

ஜெயபிரகாஷ் பொறுமையாகச் சொன்னார். "வெப்சைட்டுங்கறது கடைங்க. டொமைன்ங்கறது அந்தக் கடைக்கு வழி காட்டுற விலாசம். கடைய நான் கட்டிக் குடுத்துருவேன். ஆனா விலாசத்த யாரும் மொத்தமா வாங்கிக்க முடியாதுங்க. இத்தன வருசத்துக்குன்னு பணம் கட்டி வெச்சுக்கறதுதான். அது ஒருத்தர் பேர்ல, ஒரு மெயில்ல நிக்கும். யாரு மெயிலப் போடட்டுங்க?"

சௌந்திரம் வாயைத் திறப்பதற்குள் நவநீதகிருஷ்ணன் தன் விசிட்டிங் கார்டை மேசைமேல் வைத்துவிட்டார். சௌந்திரத்துக்கு அதில் வருத்தமில்லை. "பெரியவங்க பேர்ல இருந்தா நல்லதுதானுங்க" என்றுகூடச் சொன்னார். அவர் முட்டாள் அல்ல. வாழ்நாள் முழுவதும் பார்த்த ஒவ்வொரு காகிதமும் அவருக்கு அதைத்தான் கற்பித்திருந்தது. பணம் அவருடையது. முகவரியில் இருந்த பெயர்கூட அவருடையதுதான்: சௌந்திரம்மஞ்சள் டாட் இன். ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்தே கட்டிவிட்டதால் பிறகு யாரும் அதை நினைக்கவில்லை.

ஓசூரிலிருந்தும் கோவையிலிருந்தும் ஆர்டர் வந்தது. அந்த முகவரியைப் போட்டுப் பன்னிரண்டாயிரம் உறைகள் அச்சடித்தார்.

இதற்கிடையில் தனப்பிரியா, லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்த காளிதாஸைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். வேறு சாதி. சொந்தபந்தம் மொத்தமும் பேச்சை நிறுத்தியது. சௌந்திரம் மட்டும் கதவை மூடவில்லை. மருமகன் வேலை முடிந்து வந்து அரவையைப் பார்த்துக்கொண்டான். இயந்திரத்தின் பக்கத்தில் மகளும் மருமகனும் நிற்கும் படம் வலைத்தளத்தின் முகப்பில் ஏறியது.

சென்ற மார்ச் மாதம் ஓசூர் வாடிக்கையாளர் ஒருவர் அழைத்தார். "உங்க சைட்டு திறக்கவே மாட்டேங்குதுங்க."

ஜெயபிரகாஷிடம் கேட்டதற்கு, "கெடு முடிஞ்சுபோச்சுங்கக்கா. அந்த மெயில்ல புகுந்துதான் புதுப்பிக்க முடியும். அவருக்கு ஓடிபி போகும், அத வாங்கிட்டு வாங்க. கொஞ்ச நாள் விட்டு வைப்பாங்க. அப்புறம் யாரு வேணாலும் எடுத்துக்கலாம்" என்றார்.

மறுநாள் காலை மூத்தார் நவநீதகிருஷ்ணன் வீட்டுக்குப் போனார் சௌந்திரம். அவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்ன அம்மிணி, இந்த ஊட்டுக்கு வழி தெரிஞ்சிருக்குதே!"

"வெப்சைட்டு நின்னுபோச்சுங்க மாமா. உங்க மெயிலுக்குத் தகவல் வந்திருக்குமுங்க."

"வந்துச்சு. நாலஞ்சு தடவ வந்துச்சு. பாத்தேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்களே."

"நீ கலியாணத்துக்குச் சொன்னியா?"

"ஓடிபி மட்டும் சொன்னீங்கன்னா போதுமுங்க. பணம் நான் கட்டிக்கறேன்."

"உங்கிட்டப் பணத்த யாரு கேட்டா? மொதல்ல அந்தப் படத்தத் தூக்கு. வெள்ளிக்கெழம கோயிலுக்கு வா. பங்காளிக முன்னால தல முழுகிட்டு, எனக்கு மவளே இல்லீன்னு சொல்லு. அந்த எடத்துலயே நம்பரச் சொல்றேன்."

"அவளுக்கு ஏழாவது மாசமுங்க, மாமா."

"அதனாலதான் அவசரம்."

விடைபெறும்போது 'வாரேன்' என்று சொல்வதுதான் ஊர் வழக்கம். சௌந்திரம், "போறேனுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

பேருந்தில் அழவில்லை. களைப்பாக இருந்தது என்று மட்டும் பின்னால் மகளிடம் சொன்னார். தனப்பிரியாதான் பதறினாள். "வேணும்னா அந்தப் படத்த எடுத்தர்லாம்மா. கடை முக்கியம்."

"படத்தோட நிக்கற ஆளா அவரு? நாளைக்கு உன் கொழந்தையையும் எடுக்கச் சொல்லுவாரு. உட்ரு சாமி."

விட்டுவிட்டார்கள். கெடு தாண்டியதும் எங்கோ இருக்கிற யாரோ அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். இப்போது அதைத் திறந்தால் சீட்டாட்ட விளம்பரம் வருகிறது. நவநீதகிருஷ்ணனுக்கும் அது கிடைக்கவில்லை. அவருக்கு அது வேண்டியதும் இல்லை. கணினி யாரிடமும் சாதி கேட்பதில்லை. ஆனால் ஆறு இலக்க எண் ஒன்றைக் கையில் கொடுத்தால், அதையும் கோயில் வாசலில் கட்டிப்போட இங்கே ஆள் இருக்கிறது. படித்த ஊர், தொழில் தெரிந்த ஊர் என்று நம்மை நாமே மெச்சிக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை.

சௌந்திரம் வேறொரு பெயரில் புதிய முகவரி எடுத்தார். பதிவு அவர் பெயரில். மின்னஞ்சல் அவருடையது. கடவுச்சொல்லை மனப்பாடம் செய்துகொண்டார். கெடு முடியும் தேதி அரவை இயந்திரத்துக்கு மேலே சுவரில் கரிக்கட்டியால் எழுதியிருக்கிறது. நிறைமாத வயிறோடு வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்து, தனப்பிரியா பழைய உறைகளின் மேல் புதிய முகவரிச் சீட்டுகளை ஒட்டுகிறாள். ஒரு நாளைக்கு முந்நூறு ஒட்டுவதற்குள் இடுப்பு விட்டுப்போகிறது. பழைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் இன்னும் வழி கண்டுபிடித்து வரவில்லை. வருவார்கள் என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது.

உங்கள் வீட்டிலும் ஒரு பெண் கடை நடத்திக்கொண்டிருக்கலாம். ஊறுகாய், துண்டு, தையல், எதுவாகவும் இருக்கட்டும். அதன் டொமைன் உங்கள் பெயரில் இருந்தால், நல்ல நாள் பார்க்காதீர்கள், இன்றைக்கே அதை அவர் பெயருக்கு மாற்றுங்கள். அவருடைய மின்னஞ்சலைப் போடுங்கள். ஓடிபி அவருடைய கைப்பேசிக்குப் போகட்டும்.