வாப்பாவின் பயம்

சுனாமிக்குப் பிறகு எங்கள் முகாமில் எதற்கும் ஒரே காரணம்தான். பிள்ளை சாப்பிடவில்லையா, சுனாமிப் பயம். பெரியவர் தூங்கவில்லையா, அதுவும் சுனாமிப் பயம்.

அதனால், எழுபது தாண்டிய என் வாப்பா ஒரு காலையில் சாரனை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "கூடாரத்துக்குள்ள தண்ணி வருது, எழும்புங்க" என்றபோது யாரும் வேறெதையும் யோசிக்கவில்லை. தொட்டுப் பார்த்தால் காய்ச்சலும் இல்லை. உம்மா பள்ளிவாசல் லெப்பையிடம் பயம் தெளிய ஒரு போத்தல் தண்ணீர் ஓதி வாங்கி வந்தார். ஆறுதல் சொல்ல வெளியூரிலிருந்து வந்திருந்த பெண் எதிரே உட்கார்ந்து, "கண்ணை மூடி, மூச்சை நல்லா இழுங்க" என்றாள். வாப்பாவால் பாதிகூட இழுக்க முடியவில்லை. விலா எலும்புகளுக்கிடையில் தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "இது பயமில்ல" என்று கத்திவிட்டு ஓட்டோ பிடித்தேன்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் முதுகில் குழாய் வைத்துக் கேட்டார். "நிமோனியா. வயசானவங்களுக்குக் காய்ச்சல் காட்டாமலும் வரும். சிலருக்கு முதல்ல புத்திதான் தடுமாறும்."

ஒட்சிசன் மாட்டி, நரம்பில் மருந்து ஏற்றினார்கள். கஞ்சி கொடுக்கும்போது நிமிர்த்தி உட்கார வைக்கச் சொன்னார்கள். நான் உட்காரவேயில்லை, கட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

சில நாளில் வாப்பாவின் பேச்சு தெளிந்தது. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"என்ன, எல்லாரும் இப்பிடிப் பயந்து போய் நிக்கிறீங்க?"

உம்மா பையிலிருந்து அந்தப் போத்தலை எடுத்து, ஓதிய தண்ணீரைத் தானே குடித்தார்.